எங்கள் துறையின் கெட்ட அம்மா

பேச்சித்தாய் நல்லவளா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. சண்டைக்காரி, அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவளை நான் கண்டெடுத்ததே ஒரு சண்டையில்தான்.

நான் ஒரு கல்லூரியில் சமூகப்பணி சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. படிக்க வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது கம்பெனியில் ஹெச்.ஆர். ஆகி ஏசி அறையில் உட்கார வேண்டும் என்று ஆசை. மீதிப் பேருக்கு என்ன ஆசை என்று அவர்களுக்கே தெரியாது. இவர்களில் சிலரைப் பிடித்து, அரசாங்கத்தின் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. ஒப்பந்த வேலை, போகிற வாசலிலெல்லாம் திட்டு, ஊர்ப் பகை. இதைச் சொல்லி யாரை இழுப்பது? ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்து மாட்டுவார்கள்.

அப்படி மாட்டியவர்களை ஒரு கணக்கெடுப்புக்காக இலத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பேச்சித்தாய் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் மாணவன் ஒருவன் நேரே போய் நின்று, "உங்கள் இல்லத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்?" என்று பாடப்புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது போலக் கேட்டிருக்கிறான்.

"ஏலே, எம் பிள்ளையக் கணக்கெடுக்க நீ யாருலே? ரேஷன் கார்டுல ஒரு பேரச் சேக்கச் சொன்னா மாசக்கணக்கா நடக்க விடுதாவ. பிள்ளையக் கணக்கெடுக்க மட்டும் பேனாவத் தூக்கிட்டு வந்துருதிய!"

அவள் எழுந்துகூட நிற்கவில்லை. பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டான். செருப்பை மீட்கப் போன எனக்கும் கிடைத்தது அர்ச்சனை. வாங்கிக்கொண்டே நின்றேன். என் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக வகுப்பில் பயிற்சிக்கென்று ஒருவரை ஒருவர் பார்த்து இளித்துக்கொண்டு இவர்கள் போடுகிற விசாரணை நாடகமெல்லாம் எதற்கு? எனக்கு வேண்டியது இந்த வாய்.

மறுநாள் தனியாகப் போய்க் கேட்டேன். "நேத்துச் சண்ட போட்டியள்லா, அதே மாதிரி எங்க காலேஜுல வந்து போடணும். வருவியளா?"

"சண்டைக்கு ஆள் கூப்பிடுத காலேஜ இப்பத்தான் மேடம் பாக்கேன்," என்று சிரித்தாள். வந்தாள்.

கல்லூரிக்குப் பின்னால் காவலாளிக்கென்று கட்டி யாரும் குடியிராத ஓர் அறை இருந்தது. அங்கே பாய், அடுப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் வைத்து ஒரு வீடாக்கினோம். பேச்சித்தாய் அம்மா. முதலாண்டு மாணவி ஒருத்தி பிள்ளை. கடைசி வருஷத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டி, புகார் வந்திருக்கிறது என்று சொல்லி, உள்ளே போய் விசாரிக்க வேண்டும். நாங்கள் ஜன்னல் பக்கம் நின்று பார்ப்போம். பேச்சித்தாய் ஒரு நாள் வாசலிலேயே மறித்து வைவாள். ஒரு நாள் காபி போட்டுக் கொடுத்து, ஊர் எது, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்து, வந்தவனை வந்த வேலையையே மறக்கடித்துவிடுவாள். என்ன செய்தாலும் பிள்ளையை விட்டு மட்டும் நகரமாட்டாள். வந்தவர் எப்படியாவது அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். அதுதான் பரீட்சை. பாதிப் பேர் அங்கேதான் தோற்பார்கள்.

பிள்ளையாக உட்காரும் மாணவிக்கு ஒரு வசனம் உண்டு. பேச்சித்தாயே கட்டியது. "நான் தெனமும் பள்ளிக்கூடம் போறேன் சார். எங்க அம்மா என்னையத் தங்கமாப் பாத்துக்கிடுதாவ." பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பேச்சைப் பிள்ளைகள் எந்த ராகத்தில் சொல்லும் என்று என் மாணவர்களுக்குக் காது பழகுவதற்காக வைத்தது. எந்தப் பிள்ளை தன்னை யாரோ தங்கமாகப் பார்த்துக்கொள்வதாகத் தானாகச் சொல்லும்?

ஆனால் அவளுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் அழுகையில்தான் இருந்தது. நினைத்த நேரத்தில் கண்ணீர் வரும். மூக்கு சிவக்கும், விக்கல் எடுக்கும். அந்த விக்கலுக்குப் பத்து வருஷம் வேலை பார்த்த அதிகாரிகூட இளகிவிடுவார். கதவுக்கு வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "எப்படி மேடம், சரியா வந்துச்சா?" என்பாள்.

அவளோடு ஒரு சிறுமியும் வருவாள். சண்முகப்பிரியா. பேச்சித்தாயின் தங்கை மகள். தங்கை பிரியாவின் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் புனலூர்ப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு இந்தத் திசையே பார்ப்பதில்லை. பேச்சித்தாய்க்கு வேறு பிள்ளை கிடையாது. கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போன புருஷனும் அங்கேயே இறந்துபோனான். இவளுக்கு அவள், அவளுக்கு இவள். சனிக்கிழமைகளில் பிரியா ஜன்னலோரம் எங்களோடு நின்று பெரியம்மா அழுவதைப் பார்ப்பாள். "வீட்டுலயும் அழுது பழகுவாவ டீச்சர். நாந்தான் மார்க் போடுவேன்," என்று ஒருநாள் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கோமதிசங்கர் என்ற பையன் அந்த அறையில் இரண்டு தடவை தோற்றவன். சுரண்டையில் அவனுடைய அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சாதுவான பையன். யார் அழுதாலும் இவனுக்கும் கண் கலங்கிவிடும். பேச்சித்தாய் விக்கியதும், "வேண்டாங்க்கா, அழாதீங்க, நான் போயிருதேன்," என்று நிஜமாகவே எழுந்து வந்துவிட்டான். வெளியே வந்து அவள் அவன் முதுகில் ஒரு அடி போட்டாள். "அழுதா நம்பிருவியாலே? பிள்ளைய அங்கன விட்டுட்டா வருவ?"

மூன்றாம் தடவை அவன் போகவில்லை. அவள் அழ அழ உட்கார்ந்திருந்தான். அழுகை ஓய்ந்ததும், "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நா பிள்ளகிட்டப் பேசணும்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த வருஷமே அவனுக்குத் தென்காசியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

போன சீசனில் சாரல் சீக்கிரமே தொடங்கிவிட்டது. சீசன் என்றால் பேச்சித்தாய் பீடித் தட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டு ஐந்தருவிக்குப் போய்விடுவாள். மங்குஸ்தான், ரம்புட்டான், கூறு கட்டி விற்பாள். நான் சீசனில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வெளியூர்க் கூட்டமும் எண்ணெய்ப் பிசுக்கும் எனக்கு ஆகாது. ஆகவே பள்ளிக்கூடம் திறந்து வாரக்கணக்காகியும் பிரியா வகுப்புக்குப் போகாமல் கடையில் நிற்கிறாள் என்பது, எங்கிருந்தோ குளிக்க வந்த ஒரு குடும்பம் எடுத்த வீடியோ என் கைப்பேசிக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நனைந்த பாவாடையோடு பிரியா, "வாங்க சார், இனிப்பு சார்," என்று கூவிக்கொண்டிருந்தாள். பிஞ்சுக் கரங்கள், கல்நெஞ்சம் என்று என்னென்னவோ எழுதி, சோக இசை வேறு போட்டிருந்தார்கள். பழத்தை வாங்கித் தின்றுகொண்டே எடுத்திருக்கிறார்கள்; வீடியோவில் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் புகாரும் செய்திருந்தார்கள். புகார் சரியானது என்பதில்தான் என் ஆத்திரம் இரட்டிப்பாயிற்று.

விசாரிக்கும் வேலை கோமதிசங்கரிடம் வந்தது. எனக்குத் தெரிந்தவர்கள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவன் மேலே எழுதிக் கேட்டிருக்கிறான். இருக்கிற இன்னொருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். இந்தச் சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது, கூட ஒரு பெண் ஊழியரை அழைத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். பேச்சித்தாய் எனக்குப் போன் செய்தாள். அவள் குரல் ஒடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பிள்ளையக் கொண்டு போயிருவாவளா மேடம்? நீங்க வந்து நில்லுங்க. அந்தத் தம்பி நீங்க சொன்னாக் கேப்பான்."

நான் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்றேன். சும்மா வந்து நில்லுங்கள் என்றாள். போனேன்.

வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். பிரியாவுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, விடுமுறை நாளில் யூனிஃபார்ம் போட்டுவிட்டிருந்தாள். கோமதிசங்கரும் அந்தப் பெண் ஊழியரும் வந்தார்கள். அவன் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். மழையில் நனைந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது. பாயில் உட்கார்ந்து, பிரியாவைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்றுதான் கேட்டான்.

பிரியா எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் தெனமும் பள்ளிக்கூடம் போறேன் சார். எங்க பெரிம்மா என்னையத் தங்கமாப் பாத்துக்கிடுதாவ."

இத்தனை வருஷம் எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வசனம். கண்டுபிடிக்கப்படுவதற்கென்றே கட்டிய வசனம். பயத்தில் வேறு எதுவும் தோன்றாமல், வாயில் பழகிய பேச்சையே அவள் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொன்ன பிறகுதான் பேச்சித்தாய்க்கும் அது உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கோமதிசங்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நா பிள்ளகிட்டப் பேசணும்."

"அவ தனியாப் பேசமாட்டா தம்பி. பயந்துக்கிடுவா."

"வெளிய இருங்கக்கா."

"நா ஓரமா இருக்கேன். வாயத் தொறக்கமாட்டேன்."

அவளுக்குத் தெரியும். வெளியே போக மறுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. பிறகு அழுதாள். மூக்கு சிவந்தது, அதே விக்கல் வந்தது. அது நடிப்பா நிஜமா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. அவளே அதைக் கண்டுகொண்டாள்.

"நடிக்கல தம்பி! சத்தியமா நடிக்கலலே!"

"தெரியுதுக்கா. நெசந்தான். நெசமா இருந்தாலும் நீங்க வெளிய போகணும்." சொல்லும்போது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்களுந்தான்."

என்னை என் மாணவன் வெளியே போகச் சொன்னான். சுருக்கென்றது. அந்த நிமிஷத்தில் அவனை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று சொன்னால் பொய். பேச்சித்தாயின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் சாரலுக்கு ஒதுங்கி நின்றோம். கதவு ஒருக்களித்திருந்தது; பேச்சு எதுவும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுவா மேடம்?"

"உள்ளதச் சொல்லுவா."

"அதானே பயம்," என்றாள். பிறகு, "சீசன் அவளுக்கும் பிடிக்கும். கூவி விக்கது பிடிக்கும். நா அடிச்சா கூட்டிட்டுப் போறேன்? ஒத்தையில வீட்டுல விட்டுட்டுப் போக மனசு வரல. அதுதான் குத்தமா?" என்று கேட்டாள். பிள்ளையைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை, அதன் படிப்பு கெடுகிறது என்பதும் உண்மை. வகுப்பில் என்றால் கரும்பலகையில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டிருப்பேன்.

வெகுநேரம் கழித்துக் கோமதிசங்கர் வெளியே வந்தான். எங்களோடு வந்து தாழ்வாரத்தில் நின்றான்.

"பிள்ள ஒண்ணு சொல்லிருக்காக்கா. உங்ககிட்டச் சொல்லட்டான்னு கேட்டேன். நீங்களே சொல்லிருங்கன்னுட்டா."

"என்ன?"

"உங்களக் குறையா ஒண்ணும் சொல்லல. நீங்க அடிக்கதில்ல, பட்டினி போடுததில்ல, உங்க பக்கத்துலதான் ஒறக்கம் வருமாம். ஆனா போன வருஷமும் சீசன்ல பள்ளிக்கூடம் போகாம பாடம் விட்டுப்போச்சு, இந்த வருஷமும் விட்டா வகுப்புல ஒண்ணும் புரியாதாம். ஹாஸ்டல்ல இருந்து படிக்கணும்னு சொல்லுதா. சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருவாளாம்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதானே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" அவள் குரல் ஏறியது. "நீ சொல்லிக் குடுத்தியாலே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். என்னைப் பார்த்தான். நான் எங்கேயோ பார்த்தேன்.

"அதையும் கேட்டேங்க்கா, ஏன் பெரிம்மாகிட்டச் சொல்லலன்னு. சொன்னா அவுக அழுவாவன்னா. அழுதா என்னட்டி, கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்லான்னேன். 'அவுக அழுதா அது நெசமா சும்மாவான்னு எனக்குத் தெரியாது சார். நெசமா இருந்தா நா எப்படிப் போவேன்?' அப்படின்னு கேட்டா."

பேச்சித்தாய் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த வாரமே தென்காசியில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போனோம். ஒரு மாடி அறை, நீளமான மேஜை, எதிரே மூன்று பேர். பிரியா வேறு அறையில் அந்தப் பெண் ஊழியரோடு இருந்தாள். கோமதிசங்கர் எழுதிய அறிக்கையில் எதையும் பூசி மெழுகவில்லை. பள்ளிக்குப் போகாததை எழுதியிருந்தான். சொல்லிக்கொடுத்த பேச்சையும் எழுதியிருந்தான். பிள்ளை பெரியம்மாவின் மேல் வைத்திருக்கும் பாசத்தையும் அதே அளவுக்கு எழுதியிருந்தான். சீசன் முடியும்வரை அரசு மாணவியர் விடுதி, ஞாயிறுதோறும் பெரியம்மா போய்ப் பார்க்கலாம், அதன் பிறகு பிள்ளை வீட்டுக்கு, கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று தலைவர் அம்மா சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நான் பேச்சித்தாயின் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்லிக் கத்துவாள், அல்லது அந்த விக்கல் வரும் என்று நினைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"படிக்கட்டும்," என்றாள்.

பிரியாவைக் கூட்டிவந்தார்கள். கையில் புதுப் பை. வந்ததும் அவள் பார்த்தது பெரியம்மாவின் முகத்தைத்தான். பரீட்சை முடிவு பார்ப்பது போல, கண்ணையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பேச்சித்தாய் குனிந்து அவளுடைய சடை ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

"அழலியா பெரிம்மா?"

"எதுக்குட்டி அழணும்? இங்கன இருக்க தென்காசி. ஞாயித்துக்கெழம வருதேன். என்ன வேணும் ஒனக்கு? முறுக்கு கொண்டாரட்டா?"

"மங்குஸ்தான்."

"கொண்டாறேன். போ. தலைய ஒழுங்காத் தொவட்டு. போ."

பிரியா இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளையின் தோள் தளர்ந்தது. சிரித்தாள். கோமதிசங்கரின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற வேனுக்குப் படி இறங்கினாள். கடைசிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

பேச்சித்தாய் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிப்பக்க மாடிப்படியில் நின்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"வேன் கெளம்பிருச்சா மேடம்?"

"ஏறிட்டா. கெளம்புது."

"திரும்பிப் பாக்காளா?"

"பாக்கா. கையக் காட்டுதா. திரும்பிக் காட்டுங்க."

திரும்பினாள். சிரித்த முகமாய்க் கையை ஆட்டினாள். வேன் முனை திரும்பி மறையும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"போயிருச்சு," என்றேன்.

அதன் பிறகுதான் படியில் உட்கார்ந்தாள். மழை இல்லை. ஆனாலும் நான் என் குடையை விரித்து, தெருவில் போகிற யாரும் பார்த்துவிடாதபடி அவள் முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.